அந்தப் பிள்ளையை ஓட விடு, மீனா

கீழக்கரை
ஞாயிறு காலை

அன்புள்ள மீனாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அதனால்தான் தாமதம். இப்போது நன்றாக இருக்கிறார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். உன் பேத்தி நடக்க ஆரம்பித்தாளா? போட்டோ அனுப்பு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். 800 மீட்டர் ஓடும் அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தலை சுற்றி உட்கார்ந்ததிலிருந்து, “முக்காட்டை எடு, இல்லாவிட்டால் ஓடாதே” என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. காரைக்குடியில் நாம் படித்தபோது துப்பட்டாவைக் காதுக்குப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டு நான் ஓடியது உனக்கு நினைவிருக்குமே.

துணியால் சூடு கூடுமா என்றால், கூடும். ஆனால் பலர் நினைக்கிற அளவுக்கு இல்லை. உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்று நாமே எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்! 1970-ல் வந்த ஓர் அமெரிக்க ராணுவக் கையேடு பரப்பிவிட்ட பேச்சு அது. முகத்தையும் சேர்த்தாலும் தலை நம் தோல் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஓடும்போது தசைகள் செலவழிக்கிற சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகிவிடுகிறது. அதை வெளியேற்றத்தான் உடம்பு முழுக்க வேர்க்கிறது. ஒரு லிட்டர் வேர்வை தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சொட்டிக் கீழே விழுகிற வேர்வையால் பயனில்லை. அதனால் முக்காட்டைப் பற்றிக் கேட்கும் முன் மற்றதைக் கேள். முழுக்கை பனியன் என்ன துணி? எத்தனை மணிக்கு ஓடவிடுகிறீர்கள்? காலையில் சாப்பிட்டாளா? அன்று நோன்பா? பரீட்சை லீவு முடிந்து வந்து எத்தனை நாள் ஆயிற்று? வெயிலுக்கு உடம்பு பழக பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும்.

அதற்காக அந்தப் பிள்ளை சும்மா சொல்கிறாள் என்று நினைத்துவிடாதே. தலையிலும் முகத்திலும் கழுத்திலும் சூடு நமக்குச் சட்டென்று உறைக்கும். உள்ளே உடம்புச் சூடு அவ்வளவாக ஏறாவிட்டாலும் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும்.

உன் கடிதத்துக்காகவே ஒன்று செய்து பார்த்தேன். மூன்று நாள் ஒரே நேரத்தில், ஒரே தூரம், கடற்கரையோரமாக வேகமாக நடந்தேன். முதல் நாள் உள் தொப்பி, அதன் மேல் ஜார்ஜெட், தாடைக்குக் கீழே இரண்டு சுற்று, நாலு குண்டூசி. வீட்டுக்கு வந்து அவிழ்த்தபோது வெளித்துணி காய்ந்தே இருந்தது. உள்ளே முடி தொப்பலாக நனைந்து, காதோரம் தோல் சிவந்து கிடந்தது. இரண்டாம் நாள் மெல்லிய பருத்தி. கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது. அப்புறம் நனைந்து கனத்துக் கழுத்தில் ஒட்டிக்கொண்டது. துவைகல்லில் வைத்துப் பிழிந்தால் கரித்துணி மாதிரி சொட்டியது. மூன்றாம் நாள் என் தங்கை மகள் துபாயிலிருந்து கொண்டுவந்த விளையாட்டு முக்காடு. ஒரே அடுக்கு, ஊசியும் கிடையாது, முடிச்சும் கிடையாது. வேர்வை பரவி, திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. ஆக, அடுக்கும் கழுத்துச் சுற்றும்தான் ஆளைப் படுத்துகின்றன. குண்டூசியை மைதானத்துக்குள் விடவே விடாதே.

இன்னொன்று. எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது. உங்கள் வேலூர் வெயில் வறண்டது. அங்கே நனைந்த துணி வேகமாகக் காயும், வெயிலும் உச்சந்தலையில் நேராக இறங்காது. பாலைவனத்து பெடூயின் மக்கள் அந்த வெயிலில் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று விஞ்ஞானிகள் அளந்து பார்த்து 1980-ல் எழுதினார்கள். கறுப்பு கூடுதலாக வாங்குகிற சூடு தோலைத் தொடுவதற்கு முன்பே, தொளதொள அங்கிக்குள் ஓடுகிற காற்றோடு போய்விடுகிறதாம். இறுக்கிச் சுற்றிய துணியில் அந்தக் காற்றுக்கு வழியேது?

பாதுகாப்பு என்ற பெயரில் எத்தனை பேரை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள், மீனா. 2011 ஜூனில் ஈரான் பெண்கள் கால்பந்து அணி ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு அம்மான் வரை போய், தலைத் துணியால் ஆடாமலே தோற்றதாக எழுதப்பட்டது. 2014-ல் ஃபிஃபா தலைத் துணியையும் தலைப்பாகையையும் அனுமதித்தது. அதே வருஷம் சீனாவின் வூஹானில் இந்தியக் கூடைப்பந்து அணியின் சீக்கிய வீரர்கள் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஆட வேண்டியிருந்தது. அந்த விதி 2017-ல்தான் மாறியது. 2023 பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்ஸினா ஹிஜாபோடு களமிறங்கியதை நான் டிவி முன்னால் நின்றுகொண்டே பார்த்தேன். உட்கார முடியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இரு. பிள்ளை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, அந்த நிமிஷமே முக்காட்டை எடுத்துவிடு. நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறு. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதே. மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நிற்கச் சொல், துப்பட்டாக்களைத் திரையாகப் பிடிக்கட்டும். இதை அவள் உம்மாவிடம் இப்போதே சொல்லி வை. உயிரைக் காக்கிற இடத்தில் மார்க்கம் குறுக்கே நிற்பதில்லை, அந்த அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும்.

நாளை பார்சலில் இரண்டு விளையாட்டு முக்காடு அனுப்புகிறேன், ஒன்று சாம்பல் நிறம், ஒன்று வெள்ளை. தலைச் சுற்றளவு சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்து எழுது. பயிற்சியை ஆறு மணிக்கே வை. மாவட்டப் போட்டி எந்தத் தேதி என்றும் எழுது. உம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால், இன்ஷா அல்லாஹ், நானே வந்து கயிற்றோரம் நிற்கிறேன்.

என்றும் உன்,
நூர்