தோரா வாசிக்கப் பழகும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அகமதாபாத் மாகென் ஆபிரகாம் ஜெப ஆலயத்தில் தொழுகை நடத்தப் பழகிக்கொள்ளும்படி பெரியவர்கள் உன்னைக் கேட்டிருப்பதாக அம்மா சொன்னாள். ‘நான் ரப்பி இல்லையே, படித்துத் தேர்ந்த மதகுரு இல்லையே’ என்று நீ தயங்குகிறாயாம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மராட்டிய மண்ணின் யூதர்களான நம் பெனே இஸ்ரேல் மக்களுக்கு எந்தக் காலத்தில் ரப்பி இருந்தார்? கொங்கண் கிராமங்களில் செக்காட்டிப் பிழைத்து, ஓய்வுநாளான சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று பேர் வாங்கியவர்கள் நாம். டேவிட் ரஹாபி என்பவர் வந்து, மூன்று பேரைப் பொறுக்கியெடுத்துப் பழக்கினார், அவர்களே சடங்குகளை நடத்திவைத்த நம் முதல் காஜிகள் என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் ஷெலோமோ சாலெம் ஷுர்ராபி போன்ற ஆசிரியர்கள் கொச்சியிலிருந்து பம்பாய்க்கு வந்து ஜெபமும் எபிரேயமும் கற்றுக்கொடுத்தார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தே நாம் இதுவரை வந்திருக்கிறோம்.

யூதச் சட்டமும் உன் பக்கம்தான். பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால் மின்யான், அதாவது சபைத் தொழுகைக்கு வேண்டிய எண்ணிக்கை. கதிஷ், கெதுஷா ஆகிய ஜெபங்கள், மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் வாசிப்பு எல்லாவற்றுக்கும் அது போதும். ரப்பி வேண்டுமென்று எங்கும் இல்லை. முன்னால் நிற்பவர் சபையின் தூதர், அவ்வளவுதான்.

ஆனால் தூதர் தயாராக வர வேண்டும். ஜெபப் புத்தகத்தைப் பார்த்தே படிக்கலாம், அதில் சிரமம் குறைவு. கடினமானது தோராச் சுருள். அதில் உயிர்க்குறியும் இல்லை, ராகக்குறியும் இல்லை, வெறும் மெய்யெழுத்துகள். அதனால் வாசிப்புப் பயிற்சிக்கான திக்குன் புத்தகத்தை வாங்கிக்கொள். ஒரு பத்தியில் குறிகளோடு இருக்கும், பக்கத்துப் பத்தியில் சுருளில் உள்ளபடியே இருக்கும். முதல் பத்தியை வாய்விட்டுப் படி, பிறகு அதை மூடிவிட்டு மற்றதைப் படி. ஓய்வுநாளில் அந்த வாரப் பகுதியை ஏழாகப் பிரித்து ஏழு பேரை அழைப்பார்கள். முழுப் பகுதியையும் நீயே எடுத்துக்கொள்ளாதே, முதலில் ஓர் அழைப்புக்கான வசனங்கள் போதும். நீ தவறாகப் படித்து அர்த்தம் மாறினால் பக்கத்தில் நிற்பவர் திருத்துவார். திருத்தியதைச் சொல்லிவிட்டு மேலே போ. அது அவமானம் இல்லை, அவர் அங்கே நிற்பதே அதற்குத்தான்.

ஒலிப்பதிவைக் கேட்டே கற்றுக்கொள்ளலாம் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். ராகம் பிடிக்க அது உதவும், நானும் மறுக்கவில்லை. ஆனால் உன் பிழையைக் கேட்டு நிறுத்த அதற்குக் காது கிடையாது. எதிரே ஓர் ஆள் உட்கார வேண்டும். படிப்பும் அப்படித்தான், உடன் படிக்க ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, மிஷ்னா என்னும் பழைய சட்டத் தொகுப்பின் முதல் பகுதியான பெராகோட்டில் தொடங்கு. ‘இஸ்ரவேலே, கேள்’ என்று தொடங்கும் ஷெமாவைச் சொல்லும் வேளை பற்றிய கேள்வியோடு ஆரம்பிக்கிறது, தினமும் நீ செய்கிற காரியம் என்பதால் மனம் ஒட்டும்.

மலிதாவை மறந்துவிடாதே. அவல், தேங்காய்த்துருவல், சர்க்கரை, பழங்கள் வைத்து எலியாகு நபியை நினைத்துப் பாடும் அந்தச் சடங்கை எந்த வெளிநாட்டுப் பயிற்சியிலும் முறையாகச் சொல்லித் தரமாட்டார்கள். அது நம்முடையது. பாட்டின் மெட்டும் ஆசீர்வாதங்களின் வரிசையும் அங்குள்ள வயதானவர்களுக்குத் தெரியும். அவர்கள் இருக்கும்போதே வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிக்கொள். நம்மில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்ட பிறகு இங்கே இருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான், கேட்க இன்னொரு இடம் கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ கற்கும்போதே இரண்டு பையன்களைப் பக்கத்தில் உட்காரவை. முழுதும் தேர்ந்த பிறகு சொல்லித்தரலாம் என்று தள்ளிப்போடாதே. நாளைக்கு வேலை மாறி நீ ஊரைவிட்டுப் போனால் சபை ஒரே நாளில் ஊமையாகிவிடும். ‘வெட்கப்படுபவன் கற்கமாட்டான், பொறுமையற்றவன் கற்பிக்கமாட்டான்’ என்று பழங்கால யூத அறிஞர் ஹில்லெல் சொன்னது உனக்கு இரண்டு பக்கமும் பொருந்தும்.

எந்த வாரத்துப் பகுதி உனக்குக் கிடைத்திருக்கிறது என்று எழுது. ஓய்வுநாளில் போன் எடுக்க முடியாது, ஆகவே வியாழன் இரவு கூப்பிடு. நான் திக்குனைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா
தானே