சிப்பின் மேல் பழி போடுமுன்: டெவலப்மென்ட் போர்டை அப்படியே பெட்டியில் வைத்து விற்போருக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

பழுதாகித் திரும்பி வரும் பெட்டிகளைத் திறந்து பார்ப்பதும், அவற்றை இயக்கும் நிரலான ஃபர்ம்வேரை அவ்வப்போது எழுதுவதும் என் பிழைப்பு. வைஃபை வழியே அளவுகளை அனுப்பும் சின்னக் கருவிகள்தான் அதிகம். உள்ளே பெரும்பாலும் இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப், இல்லாவிட்டால் அதன் தம்பி இஎஸ்பி32; அதுவும், மேசையில் வைத்துச் சோதித்துப் பார்க்கவென்று வரும் டெவலப்மென்ட் போர்டில் இருந்தபடியே. கூடவே வரும் சீட்டில் பத்துக்கு எட்டு முறை ஒரே வாசகம்: "ஹேங் ஆகிறது." சில நாளில் செய்தவர்களிடமிருந்து தீர்ப்பும் வந்துவிடும்: "இந்த சிப்பெல்லாம் பொழுதுபோக்குக்குத்தான் சார், வியாபாரத்துக்கு ஆகாது."

அந்தத் தீர்ப்போடுதான் எனக்கு வழக்கு.

ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் இஎஸ்பி8266-ஐ வெளியிட்டது 2014-ல். இஎஸ்பி32 வந்தது 2016-ல். சோனாஃப், ஷெல்லி போன்ற வீட்டு சுவிட்சுகள் இதே சிப்களை வைத்துத்தான் விற்பனைக்கு வந்தன. பொழுதுபோக்குக்காரர் மேசையில் கிடப்பதும் அவற்றுக்குள் இருப்பதும் ஒரே சிலிக்கான். வித்தியாசமெல்லாம் அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதில்தான்.

சமீபத்தில் திறந்த ஒரு பெட்டியைச் சொல்கிறேன். போர்டை ஹாட் க்ளூவால் ஒட்டியிருந்தார்கள். சூட்டில் பசை விட்டு, போர்டு ஒரு பக்கம் தொங்கியது. சென்சாருக்கு ஜம்பர் வயர், தொட்டாலே கழன்று வரும் ரகம். மின்சாரம் வந்தது மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட் வழியே. கேபிளின் கனம் இழுத்து இழுத்து, சாக்கெட் செப்புப் பட்டையோடு பெயர்ந்திருந்தது. மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை, சிப்புக்கு மின்சாரம் போகும் 3.3 வோல்ட் தடத்தில் வைத்தேன். வைஃபை அனுப்பும் ஒவ்வொரு முறையும் கோடு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. சிப்பின் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் "பிரவுன்அவுட்" (மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டது) என்று சொல்லிவிட்டு சிப் தன்னைத்தானே மறுபடி துவக்கிக்கொண்டது. தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, பாவம்.

காரணம் எளிது. இஎஸ்பி32-க்கு 500 மில்லியாம்பியராவது தரக்கூடிய சப்ளை வேண்டும் என்று தயாரிப்பாளரின் விவரத்தாளான டேட்டாஷீட்டே சொல்கிறது. மலிவான போர்டுகளில் பலவற்றில், யூஎஸ்பியின் 5 வோல்ட்டை 3.3 ஆகக் குறைத்துத் தர இருப்பது ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேட்டர். உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே போவதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். 5 வோல்ட்டில் டயோடு கொஞ்சம் தின்கிறது, நீளமான மெல்லிய கேபிள் கொஞ்சம் தின்கிறது. மிச்சத்தில் 3.3-ஐ எப்படித் தருவது? மேசையில் அரை மீட்டர் கேபிளில் ஓடியது, வாடிக்கையாளரின் மூன்று மீட்டர் கேபிளில் ஓடவில்லை. இதில் சிப் செய்த குற்றம் என்ன?

இன்னொரு சங்கடம், போர்டு என்பது நிலையான பொருளே அல்ல. ஒரே பெயரில் இரண்டு தடவை வாங்குங்கள்: யூஎஸ்பி சிப் மாறியிருக்கும், ரெகுலேட்டர் மாறியிருக்கும், சில சமயம் இணைப்புக் கால்களின் (பின்களின்) வரிசை அகலமே மாறியிருக்கும். யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் சிப்பையும், சிப்போடு நினைவகமும் ஆன்டெனாவும் சேர்ந்த மாட்யூலையும் செய்பவர் மாற்றம் செய்தால் அறிவிப்பு வெளியிடுகிறார். ஆகவே மாட்யூலை வாங்கி உங்கள் சொந்த சர்க்யூட் பலகையில் (பிசிபி) பற்றவையுங்கள். ரெகுலேட்டர், கெப்பாசிட்டர், கனெக்டர் மூன்றும் அப்போது உங்கள் கையில். மாட்யூலுக்கு ரேடியோ சான்றிதழ் இருப்பதும் ஒரு வசதிதான், ஆனால் முழுப் பொருளுக்கான சோதனையை அது ரத்து செய்யாது. ஆன்டெனாவை உலோகப் பெட்டிக்குள் அடைத்துவிட்டு "சிக்னல் வரவில்லை" என்று எனக்கு எழுதவும் வேண்டாம்.

சிப்பின் எந்தப் பின்னில் எதை இணைப்பது என்ற தேர்விலும் ஒரு வேடிக்கை. ஒரு கருவி மின்வெட்டுக்குப் பின் சில சமயம் எழும், சில சமயம் எழாது. கதவு சென்சாரை ஜிபிஐஓ12 என்ற பின்னில் கொடுத்திருந்தார்கள். துவங்கும் கணத்தில் அந்தப் பின் உயர்நிலையில் இருந்தால், நிரல் குடியிருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 1.8 வோல்ட் போதும் என்று இஎஸ்பி32 எடுத்துக்கொள்ளும்; 3.3 வோல்ட் ஃபிளாஷ் படிக்க வராமல் அப்படியே நிற்கும். அதாவது கதவு திறந்திருக்கும்போது மின்சாரம் வந்தால் மட்டும் பெட்டி செத்துவிடும்! இதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் போயிற்று. டேட்டாஷீட்டில் அது வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

மென்பொருள் பக்கம் நானும் யோக்கியன் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு அனுப்பும் நிரல் ஒன்றை எழுதினேன். கடைசியாக அனுப்பிய நேரத்தோடு பத்து நிமிடத்தைக் கூட்டி, இப்போதைய நேரம் அதைத் தாண்டிவிட்டதா என்று பார்த்தேன். துவங்கியதிலிருந்து மில்லிசெகண்டுகளை எண்ணும் கவுன்டர் 32 பிட். 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். அதற்குச் சற்று முன் என் கூட்டல் மட்டும் முதலில் சுற்றிக்கொண்டு சின்ன எண்ணாகிவிட்டது. ஒரே நாளில் இயக்கிவைத்த கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் இடைவிடாமல் அனுப்ப ஆரம்பிக்க, யாரோ தாக்குகிறார்கள் என்று எண்ணி சர்வர் கதவைச் சாத்திவிட்டது. கூட்டாமல், இப்போதைய நேரத்திலிருந்து கடைசி நேரத்தைக் கழித்து இடைவெளியைப் பார்த்திருந்தால் இந்த வினையே இல்லை. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு "டெஸ்ட் ஓகே" என்று கையெழுத்திட்டவனும் நானே.

இதே வகையில் இன்னொன்று: நிமிடத்துக்கு ஒருமுறை ஃபிளாஷின் ஒரே செக்டாரை (ஒரே துண்டை) அழித்து எழுதுகிறீர்களா? இந்த ஃபிளாஷ்களுக்குப் பொதுவாகத் தரப்படும் உறுதி ஒரு லட்சம் அழிப்புகள். எழுபது நாளுக்குள் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும்.

வைஃபை கிடைக்கும்வரை முடிவில்லாமல் சுற்றும் மாதிரி நிரலைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் பாருங்கள், அதுவே சொல்லும். தொலைவிலிருந்து ஃபர்ம்வேரை மாற்றும் வழியை மட்டும் முதல் நாளே வைத்துவிடுங்கள். அருகிலிருந்து போலி வைஃபை பொட்டலம் அனுப்பி இஎஸ்பி8266-ஐ முடங்கச் செய்யும் குறை 2019-ல் வெளியானபோது திருத்தமும் வந்தது. அந்த வழி இல்லாத பெட்டிகளுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

இந்த சிப்பை எதற்கும் நம்பலாம் என்று நான் சொல்லவில்லை. உயிர்காக்கும் கருவிக்கோ, நின்றால் ஆளுக்கு ஆபத்து வரும் இயந்திரத்துக்கோ இதைத் தனியாளாகக் காவல் வைக்க மாட்டேன். அறை வெப்பத்தை அளந்து அனுப்பவும் விளக்கைப் போட்டு அணைக்கவும் தாராளமாக வைப்பேன்.

ஒரு வேண்டுகோள். சிப் ஏன் மறுபடி துவங்கியது என்ற காரணத்தை அதனிடமே கேட்கலாம். இஎஸ்பி32-க்கு அதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது; காரணத்தை ஓர் எண்ணாகத் தரும். அந்த எண்ணை ஒவ்வொரு துவக்கத்திலும் சர்வருக்கு அனுப்புங்கள். அடுத்த முறை பெட்டியோடு வரும் சீட்டில் "ஹேங் ஆகிறது" என்பதற்குப் பதில் அந்த எண்களை எழுதி அனுப்பினால், பெட்டியைத் திறக்காமலேயே பாதிப் பதிலை என்னால் சொல்லிவிட முடியும்.

அன்புடன்,
உங்கள் பெட்டிகளைத் திறந்து பார்ப்பவன்