அரைச் சுற்று

பட்டர்வொர்த்

அன்புள்ள கூட்டாளி,

கண் ஆபரேஷன் முடிந்து எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று உன் மகள் சொன்னாள். அதனால்தான் கடிதம். இல்லாவிட்டால் வழக்கம்போல் போனில் கத்தியிருப்பேன்.

போன வாரம் கேட்டுக்கு ஒரு கீல் தேடி பிறையில் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கீல் கிடைக்கவில்லை. மூலையில் பெட்ஃபர்ட் டி.கே. லோரியின் தலை மட்டும் கிடந்தது. கதவுக்குப் பின்னால் இஞ்சின் பார்க்க ஒரு மூடி இருக்குமே, அதைத் தூக்கினேன். இஞ்சின் எப்போதோ போய்விட்டது. பூனை குட்டி போட்டிருந்தது.

அங்கேயே லோரி ஓட்டிய நம் பெரியண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. நீ அவரிடம் கெலிண்டானாக, லோரி உதவியாளாக, வருஷக்கணக்கில் ஓடினாய். நான் ஏறியது ஒரே ஒரு பள்ளி விடுமுறைக்கு. ஆனாலும் சீனி மூட்டை ஏற்றிக்கொண்டு தைப்பிங் தாண்டி புக்கிட் பெராப்பிட் மேடு ஏறிய இரவுகள் மறக்கவில்லை. ஹைவே வராத காலம். மேட்டில் நடந்து போகிறவன்கூட நம்மை முந்திவிடுவான். நடைக்கு இவ்வளவு என்றுதான் தவுக்கே, நம் முதலாளி, காசு கொடுத்தார். மேட்டில் போகிற நேரம் அண்ணனின் பையிலிருந்து போகிற நேரம்.

இஞ்சினுக்கு டீசல் எவ்வளவு போகலாம் என்று கட்டுப்படுத்துகிற அந்த பம்ப் திருகு நினைவிருக்கிறதா? யாரும் தொடக்கூடாது என்று கம்பி கோத்து ஈய முத்திரை போட்டிருக்கும். அண்ணன் குறடால் கம்பியை நறுக்கி, டீசல் கூடப் போகும்படி திருகை அரைச் சுற்று திருப்பி, கம்பியை மறுபடி முறுக்கிவிடுவார். மேலே கிரீஸும் மண்ணும் அப்பிவிட்டால் கை பட்ட அடையாளமே தெரியாது. லோரி சோதனைக்கு முதல் நாள் திருகு பழைய இடத்துக்குப் போய்விடும்.

தூக்கம் வராத இரவுகளில் இப்போது அமெரிக்க லோரிகளைப் பற்றிப் படிக்கிறேன். அங்கேயும் இதே திருட்டுத்தனம்தான்! பழைய கம்மின்ஸ் இஞ்சின்களில் பி.டி. பம்ப் என்று ஒன்று. பி என்றால் அழுத்தம், டி என்றால் நேரம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்பே அளந்து அனுப்புவதில்லை. குழாயில் டீசல் எவ்வளவு அழுத்தத்தில் நிற்கிறது, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் துளை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, இந்த இரண்டும்தான் கணக்கு. அழுத்தத்தை ஏற்றினால் எல்லா சிலிண்டருக்கும் டீசல் கூடிவிடும். அதற்கு பம்புக்குள் இருக்கும் ஒரு சின்ன இரும்புத் துண்டை மாற்றினால் போதும். அதன் பெயரே பட்டன். வேறு அளவு பட்டனை டிரைவர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார்களாம்.

ஆனால் டீசல் அளவு மீறினால் புகை கறுக்கும், சூடு ஏறும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டன் அதில்தான் செய்தது. அதனால் அவர்கள் புகையின் சூட்டைக் காட்டுகிற பைரோமீட்டர் முள்ளைப் பார்த்துப் பார்த்து மிதித்தார்கள். அண்ணனிடம் ஏது பைரோமீட்டர்? பின்னால் லோரி வந்தால் அதன் வெளிச்சத்தில் புகை தெரியும். யாரும் வராத இரவில் உன்னை டார்ச்சோடு எட்டிப் பார்க்கச் சொல்வார். "கறுப்பாடா, சாம்பலாடா?" நீ "கறுப்பு" என்றதும் காலைக் கொஞ்சம் எடுப்பார். கூலியில்லாத பைரோமீட்டர் நீதான்.

ஏற்றத்துக்குத் திருகு இருந்தது. இறக்கத்துக்கு என்ன இருந்தது? கீழ் கியரும் பிரேக் கருகுகிற வாடையும்தான். அந்த கம்மின்ஸ் கம்பெனியை ஆரம்பித்த கிளெஸ்ஸி கம்மின்ஸே அதில் மாட்டியிருக்கிறார். 1931இல் தன் டீசல் இஞ்சின் பூட்டிய லோரியில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தபோது, கலிபோர்னியாவில் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் போய்விட்டது. கீழே தண்டவாளத்தில் சரக்கு ரயில் வேறு. மயிரிழையில் தப்பினார். அந்தப் பயம் போகவேயில்லை போலிருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இஞ்சினை வைத்தே வண்டியைப் பிடித்து நிறுத்த வழி கண்டுபிடித்தார். சிலிண்டரில் அமுக்கிய காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளுவதற்குள் வால்வைத் திறந்து வெளியே விட்டுவிடுவது. ஜேக் பிரேக் என்று 1961இல் விற்பனைக்கு வந்தது அதுதான். அண்ணனிடம் அது இருந்திருந்தால், கோலகங்சார் பக்கம் இறங்கும்போது நீ முருகனைக் கூப்பிட்டிருக்க மாட்டாய்.

முட்டி வலி அப்படியேதான். மற்றபடி சுகம். அந்த இஞ்சின் மூடியைக் கேட்டேன், சும்மாவே எடுத்துக்கொள் என்றார் கடைக்காரர். குட்டிகள் கண் திறக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். திருகு அரைச் சுற்றா, கால் சுற்றா? எனக்கு அரை என்றுதான் ஞாபகம். டார்ச் பிடித்தவன் நீ. எழுது.

உன் கூட்டாளி