துணைநூற்பட்டியல் விதியை பேப்பரா தராதீங்க, ஃபைலா தாங்க

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க கல்விப் பக்கத்துல ஆய்வேட்டுல காப்பி அடிக்கிறதைப் பத்தி எழுதியிருந்தீங்க. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018ல போட்ட விதி, 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா தண்டனை இல்ல, அதுக்கு மேல போனா 40, 60னு படிப்படியா தண்டனை ஏறும்னு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா அதே விதியில, எங்கேர்ந்து எடுத்தோம்னு முறையா சொல்லிட்ட மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் அந்தக் கணக்குல சேக்கக் கூடாதுன்னும் இருக்கு. அதை விட்டுட்டீங்க. விஷயமே அங்கதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

காரைக்குடியில டிடிபி கடை வச்சிருக்கேன். நாலஞ்சு பல்கலைக்கழகத்து ஆய்வேடு நம்ம கடைக்கு வரும், எதுவும் பேரு வேணாம். நான் பாத்தவரைக்கும் மாட்டிக்கிறவங்கள்ல பாதிப் பேரு திருடினவங்க இல்ல. எழுதறப்ப சரியாத்தான் எழுதியிருப்பாங்க, நடுவுல நெறியாளர் ரெண்டு பாராவைத் தூக்குன்னு சொல்லியிருப்பாரு, ஒரு இயலை முன்னாடி தள்ளியிருப்பாங்க, அப்ப சான்றெண் (மேற்கோள் பக்கத்துல போடற குறிப்பு எண்) எங்கேயோ போயி விழுந்திருக்கும், கடைசியில பாத்தா அடுத்தவங்க வரி அனாதையா நிக்கும், காப்பி பாக்கற சாஃப்ட்வேர் அதைப் பிடிச்சுக்கும்.

தமிழ்த்துறை ஆய்வேடு பாத்தவங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு இயல் முடிவுலயும் ‘சான்றெண் விளக்கம்’னு ஒரு பகுதி வரும். 1. இன்னார், இன்ன நூல், ப. 47. 2. மேலது, ப. 52. 3. மேலது, ப. 60. இப்படியே போகும், மேலதுன்னா மேல சொன்ன அதே நூல். இப்ப வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) முன்னாடி ஒரு பொண்ணு வந்து ‘அண்ணே ஒரே ஒரு அடிக்குறிப்புதாண்ணே, ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல சேத்துடுங்க’ன்னு கேக்கும். சேத்தா என்ன ஆகும்? எண் எல்லாம் ஒண்ணு ஒண்ணா தள்ளிப்போறது கூட பரவாயில்ல, அந்த ரெண்டு ‘மேலது’வும் இப்ப புதுசா வந்த புத்தகத்தைக் காட்டும். ப. 52, ப. 60ன்னு காட்டின விஷயம் அந்தப் புத்தகத்துல இருக்கவே இருக்காது. தப்பு எழுதினவங்களோடது இல்ல, டைப் அடிச்சவனோடதும் இல்ல, ஆனா படிக்கிற எக்ஸாமினருக்கு அது பொய்க் குறிப்பு. கண்ணுல படாத தப்பு இதுதான், ஸ்பெல்லிங் செக் இதைச் சொல்லாது, ப்ரூஃப் பாக்கறவங்களும் புத்தகத்தை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும், யாரு பாக்கறா?

இதுக்கு வழி இல்லையான்னா இருக்கு, காசும் கிடையாது. ஸோட்டெரோன்னு ஒரு சாஃப்ட்வேர், அமெரிக்காவுல ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தோட வரலாறு, புது ஊடக மையத்துல 2006ல ஆரம்பிச்சது, இலவசம். ஒரு புத்தகத்தோட ஆசிரியர், பதிப்பகம், ஊர், வருஷம் எல்லாத்தையும் ஒரே ஒரு தடவை அதுல போட்டு வச்சுட்டா போதும். அதே 2006ல வந்த இன்னொண்ணு பான்டாக், டெக்ஸ்ட் ஃபைலை வேர்டு ஃபைலா மாத்திக் குடுக்கறது, இது அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல தத்துவம் சொல்லிக் குடுக்கற ஜான் மெக்ஃபார்லேன் எழுதினது (தத்துவ வாத்தியாருக்குத்தான் அடிக்குறிப்போட வலி தெரிஞ்சிருக்கு பாருங்க). எழுதறது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்ல, நோட்பேட் மாதிரி, கலரு கிலரு ஒண்ணும் இல்லாம. மேற்கோள் வர்ற இடத்துல சதுர அடைப்புக்குறிக்குள்ள @ போட்டு அந்தப் புத்தகத்துக்கு நாம வச்ச கீ (அடையாளச் சுருக்கப் பேரு), பக்கத்துல கமா போட்டு 47, அவ்ளோதான். பான்டாக்கை ஓட்டினா அது அந்த கீயை வச்சு ஸோட்டெரோ குடுத்த பட்டியல்ல தேடி, சான்றெண் போட்டு, அடிக்குறிப்பு எழுதி, எங்க மேலது வரணும் எங்க முழுப்பேரு வரணும்னு அதுவே பாத்து, கடைசியில துணைநூற்பட்டியலும் கட்டி வேர்டு ஃபைலா குடுத்துடும். நடுவுல பத்து அடிக்குறிப்பு சேருங்க, ஒரு இயலைத் தூக்கி முன்னாடி போடுங்க, மறுபடி ஓட்டினா எல்லாம் தன்னால சரியாயிடும்.

செட்டிநாட்டுக்காரங்களுக்கு இது புதுசே இல்ல. குறிப்பேட்டுல ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் பேரேட்டுப் பக்க எண் போடுவாங்கள்ல, கொடுக்கல் வாங்கல் ஆளோட முழு விவரமும் பேரேட்டுல ஒரு இடத்துல இருக்கும், குறிப்பேட்டுல எண் மட்டும்தான். அந்த எண்தான் இங்க கீ.

ரெண்டையும் சேத்துக் கட்டுறதுக்கு பெட்டர் பிப்டெக்ஸ்னு ஸோட்டெரோவுக்கு ஒரு ப்ளகின் (கூட சேத்துக்கற சின்ன ப்ரோகிராம்) இருக்கு, அதைத்தான் நிறைய பேரு விட்டுடறாங்க. அது ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு நிலையான கீ குடுக்கும், அப்புறம் எக்ஸ்போர்ட் பண்றப்ப ‘தொடர்ந்து புதுப்பி’ங்கற மாதிரி ஒரு டிக் வரும், அதைப் போட்டுட்டா ஸோட்டெரோவுல ஒரு எழுத்து மாத்தினாலும் பட்டியல் ஃபைலும் தானா மாறும். அந்த டிக்கை மறந்துட்டு ‘அண்ணே புதுசா சேத்த புத்தகம் வரவே மாட்டேங்குது’ன்னு வர்றவங்கதான் ஜாஸ்தி. பான்டாக்கை ஓட்ட கறுப்புத் திரையில கமாண்ட் அடிக்க பயமா இருக்குன்னா ஸெட்லர்னு ஒரு எடிட்டர் இருக்கு, அதுவும் இலவசம்தான், @ அடிச்சாலே புத்தகப் பட்டியலைக் காட்டும், உள்ளுக்குள்ள பான்டாக்கையே ஓட்டிக்கும். கீயை மட்டும் நான் இங்கிலீஷ் எழுத்துலதான் வைக்கச் சொல்றேன், நடுநடுவுல கீபோர்டு மாத்தறது எரிச்சல்தான், ஆனா கீயில சிக்கல் வராது.

தமிழுக்குன்னு இருக்கற தொல்லையையும் சொல்லிடணும், இல்லாட்டி நான் ஏதோ சாஃப்ட்வேர் விக்க வந்தவன்னு நினைப்பீங்க. மொதல்ல பேரு. மேலைச்சிவபுரி வ. சுப. மாணிக்கம் அவங்க பேரை எடுத்துக்கங்க, நமக்கு குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது, ஸோட்டெரோ கேக்கறது கடைசிப் பேரு, முதல் பேருன்னு ரெண்டு கட்டம். ஒருத்தர் மொத்தத்தையும் ஒரே கட்டத்துல போடுவாரு, பட்டியல்ல அது ‘வ’வுல போயி உக்காந்துக்கும். இன்னொருத்தர் மாணிக்கத்தை ஒரு கட்டத்துலயும் தலைப்பெழுத்தை இன்னொண்ணுலயும் போடுவாரு, அது ‘ம’வுல வரும். என்னோட கருத்து ரெண்டாவதுதான், ஏன்னா முன்ன பின்ன எழுதறதை ஸ்டைல் (மேற்கோள் வடிவ விதி) பாத்துக்கும், பேரை நாம பிரிச்சுக் குடுத்தா போதும். ராய. சொக்கலிங்கம் அவங்களை ஒரு இடத்துல ராய.ன்னும் ஒரு இடத்துல இராய.ன்னும் எழுதறாங்க, உ.வே.சா.வை சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாத ஐயர்னு மூணு விதமா. கையால பட்டியல் போட்டா ஒரே ஆளு மூணு ஆளாயிடுவாரு, ஸோட்டெரோவுல ஒரு தடவை திருத்தினா ஆய்வேடு முழுக்க திருந்திடும்.

அடுத்தது எழுத்து. சொக்கலிங்கம்ல வர்ற ‘சொ’ இருக்கே, அதோட கொம்பையும் காலையும் சேத்து ஒரே குறியீடாவும் அடிக்கலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டாவும் அடிக்கலாம், யூனிகோடுல (எழுத்துக்கு எண் குடுக்கற பொது முறை) ரெண்டும் சரிதான், திரையில பாத்தா ஒண்ணுபோலவே இருக்கும். ஆனா தேடறப்ப சில ப்ரோகிராம் ரெண்டையும் வேற வேறன்னு நினைச்சுக்கும். அகர வரிசையும் அப்படித்தான், எழுத்தோட எண்ணை வச்சு அடுக்குற ப்ரோகிராம்ல ‘ர’வுக்கு அடுத்தாப்புலயே ‘ற’ வந்து நிக்கும், ‘வ’ போயி ‘ழ’வுக்குப் பின்னாடி நிக்கும், தமிழ் படிச்ச நெறியாளர் பாத்தா சாமி ஆடிடுவாரு. ஃபைல் தலைப்புல மொழி தமிழ்னு ஒரு வரி போடணும், போட்டுட்டும் ஒரு தடவை கண்ணால பாத்துடறது நல்லது. பழைய வானவில், பாமினி ஃபான்ட்ல அடிச்சது வந்தா மொதல்ல யூனிகோடுக்கு மாத்திடுங்க, இல்லாட்டி இது எதுவுமே நடக்காது, கம்ப்யூட்டருக்கு அது இங்கிலீஷ் கிறுக்கல்.

நம்ம பக்கத்து ஆய்வுல புத்தகம் மட்டுமா வருது, இளையாத்தங்குடி கோயில் கல்வெட்டு, பர்மாக் கடைப் பேரேடு, மொய்ப்பண ஏடு, ஆச்சிகள்ட்ட எடுத்த பேட்டின்னு எல்லாம் வரும். கையெழுத்துப்படி, பேட்டி, கடிதம்னு தனித்தனி வகை ஸோட்டெரோவுல இருக்கு, எந்த ஆவணக்காப்பகம், அதுல எந்த இடம்னு எழுதக்கூட கட்டம் இருக்கு. கோட்டையூர்ல ரோஜா முத்தையா சேத்து வச்ச புத்தகமெல்லாம் இப்ப சென்னையில அவர் பேர்லயே நூலகமா இருக்கு, அங்க போயி பாத்துட்டு வர்றவங்க அழைப்பு எண்ணையும் அந்தக் கட்டத்துல குறிச்சு வச்சுக்கிட்டா மறுபடி அதுக்காக பஸ் ஏற வேண்டாம்.

இதுல நிஜமான குறை ஒண்ணு இருக்கு, நெறியாளர். அவரு வேர்டுலதான் திருத்துவாரு, ஓரத்துல கமெண்ட் போடுவாரு, சிலர் பிரிண்ட் எடுத்து சிவப்புப் பேனாவுல. அதை மறுபடி டெக்ஸ்ட் ஃபைலுக்குக் கொண்டுவர்றது கை வேலைதான், அதுக்கு மந்திரம் கிடையாது. அது முடியாதுங்கறவங்க ஸோட்டெரோவை வேர்டுக்குள்ளயே வச்சுக்கலாம், அதுக்கும் ப்ளகின் இருக்கு, ஆனா அந்த ஃபைலை வேற சாஃப்ட்வேர்ல திறந்து சேவ் பண்ணினா உள்ள இருக்கற தொடர்பு அறுந்துபோய் வெறும் எழுத்தாயிடும் அபாயம் இருக்கு. டெக்ஸ்ட் ஃபைல்ல அறுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, அதுதான் எனக்குப் பிடிச்சது.

இப்ப கேக்க வந்ததுக்கு வர்றேன். சிஎஸ்எல்னு ஒரு முறை இருக்கு, மேற்கோள் எப்படி வரணும், கமா எங்க, புள்ளி எங்க, மேலது எப்போ போடணும்னு எல்லா விதியையும் ஒரே சின்ன ஃபைல்ல எழுதி வைக்கறது. ஸோட்டெரோவும் பான்டாக்கும் ரெண்டும் அதையேதான் படிக்குது. உலகம் முழுக்க இருக்கற பத்திரிகைகளுக்கு 10,000க்கு மேல இந்த மாதிரி ஸ்டைல் இலவசமா கிடைக்குது. ப., மேலது, பதிப்பாசிரியர்னு தமிழ்ச் சொல்லையும் அதுக்குள்ளயே எழுத இடம் இருக்கு. நம்ம பல்கலைக்கழகங்கள் என்ன பண்ணுதுன்னா விதியை நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்குது, அதுல உதாரணமா போட்ட ரெண்டு வரியே ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராது, ஒண்ணுல வருஷம் பேருக்குப் பின்னாடி, இன்னொண்ணுல கடைசியில. அதை வச்சு ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியா மல்லுக்கட்டுது. கணினித்துறையில ஒருத்தர், தமிழ்த்துறையில ஒருத்தர் உக்காந்தா அந்த ஃபைலை எழுதிடலாம். கூடவே ஓரம், ஃபான்ட், வரி இடைவெளி எல்லாம் சரியா வச்ச ஒரு மாதிரி வேர்டு ஃபைல், அதையும் பான்டாக் அப்படியே எடுத்துக்கும். ரெண்டையும் வெப்சைட்ல போட்டுட்டா எங்க கடையில அலைன்மென்ட்டுக்குன்னு வாங்கற காசு குறையும்தான், குறையட்டும், பைண்டிங் இருக்கு. பிஎச்டி சேர்ற எல்லாருக்கும் ஆய்வு நெறின்னு 30 மணி நேரம், 2 கிரெடிட் பாடம் கட்டாயம்னு யுஜிசி சொல்லிருக்கு, அதுல ஒரு மதியத்தை இதுக்கு ஒதுக்கி கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சா போதும்.

உங்க பேப்பருக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வு பண்றவங்க உங்க செய்தியையும் மேற்கோள் காட்டறாங்க, ஆனா மதுரைப் பதிப்புல 7ம் பக்கத்துல வர்றது திருச்சிப் பதிப்புல அதே பக்கத்துல வர்றதில்ல, வெப்சைட்ல பாத்தா எந்தப் பதிப்பு எந்தப் பக்கம்னே இருக்காது. ஒவ்வொரு செய்திக்கும் அடியில தேதி, பதிப்பு, பக்கம் மூணையும் போட்டுடுங்க. புத்தக விமர்சனத்துல விலையை மறக்காம போடறீங்க, பதிப்பு வருஷத்தைத்தான் விட்டுடறீங்க, அதையும் சேத்துக்கங்க.

இப்படிக்கு,
டிடிபி கடை வச்சிருக்கற ஒரு வாசகர்,
செக்காலை, காரைக்குடி