முதலில் ஒரு ஃபிரேமை எடை போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

விஷுவல் எஃபெக்ட்ஸுக்குக் கணினி என்றதும் எல்லோரும் சொல்வது, 'நல்ல கிராபிக்ஸ் கார்டு போடுங்கள்'. முப்பரிமாண ரெண்டரிங்குக்கு அது சரி. பல படங்களை அடுக்கி ஒரே காட்சியாக்கும் கம்பாசிட்டிங்கில் ராமும் டிஸ்க்கும்தான் முதலில் மூச்சுத் திணறும்.

4096க்கு 2160 பிக்சல் உள்ள ஒரு 4கே ஃபிரேமில் சிவப்பு, பச்சை, நீலம், எது எவ்வளவு ஒளிபுகும் என்று சொல்லும் ஆல்ஃபா என நான்கு சேனல்கள். 16 பிட்டில் சேனலுக்கு 2 பைட். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 71 எம்பி. நொடிக்கு 24 ஃபிரேம் ஓட 1.7 ஜிபி வேண்டும். பழைய சாட்டா இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி தருவதோ 550 எம்பி அளவுதான். 32 பிட்டில் வேலை செய்தால் ஃபிரேம் 142 எம்பி; பத்து நொடி ஷாட்டை ராமில் வைத்து ஓட்ட 34 ஜிபி. ஆகவே 4கேக்கு 64 ஜிபி ராம் என்பது தொடக்கம்தான்.

அதையும் 32 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்குங்கள். வழக்கமான மதர்போர்டில் டிடிஆர்5 வகை ராம் ஸ்டிக் நான்கைச் செருகினால் வேகம் இறங்கிவிடும். சில சமயம் கணினி தொடங்கவே செய்யாது.

ஃபுட்டேஜுக்கு ஒன்று, மென்பொருள் தற்காலிகமாக எழுதிவைக்கும் கேஷுக்கு ஒன்று என, சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ டிஸ்க் இரண்டு தேவை. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை நம்பிவிடாதீர்கள். ஒரு செல்லில் நான்கு பிட் திணிக்கும் க்யூஎல்சி வகையில், எழுதும்போது முதலில் நிரம்பும் வேகமான பகுதி தீர்ந்ததும் ஹார்டு டிஸ்க் அளவுக்கு, அதற்கும் கீழேகூட, வேகம் விழும். ரெண்டர் பறந்து தொடங்கிப் பாதியில் ஊர்ந்தால் பலர் மென்பொருளைத் திட்டுகிறார்கள், பாவம். செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கிராபிக்ஸ் கார்டு வேண்டாம் என்றில்லை. எடிட்டிங், கலர் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் பெரிதும் அதை நம்பியே ஓடுகிறது; 4கேயில், படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டதும் 8 ஜிபி வீராம் (கார்டின் சொந்த நினைவகம்) நிரம்பி ரெண்டர் நின்றுபோகலாம். மாடல் எண்ணைவிட வீராம் அளவைப் பாருங்கள். கேமரா தரும், நிறத் தகவல் கூடுதலாக உள்ள 10 பிட் 4:2:2 எச்.264 வீடியோ கோப்புகளை என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டுகள் டீகோட் செய்யாது (சுருக்கத்தை விரித்துத் தராது), 50 வரிசை செய்யும். பழைய கார்டே போதும் என்பவர்கள் அவற்றை முதலில் எடிட்டிங்குக்கு எளிதான புரோரெஸ் வீடியோவாகவோ, ஃபிரேமுக்கு ஒரு படக்கோப்பாக வரும் இஎக்ஸ்ஆர் ஃபிரேம்களாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

கம்பாசிட்டிங் மென்பொருளான நியூக்கில் திறப்பதென்றால் அந்த இஎக்ஸ்ஆரை 16 வரிக்கு ஒரு பிளாக் என்றில்லாமல், ஒரு வரிக்கு ஒரு பிளாக் என்ற ஜிப் சுருக்கத்தில் சேமியுங்கள். நியூக் படத்தை வரிவரியாகத்தான் படிக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்