குட்டைத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

ஊர்ப் பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தை பிறந்ததும் முள் வெட்டத் தொடங்கிய குட்டை வேலை, ஆடி பிறக்குமுன் முடிந்துவிட்டது. தூர்வாருவதைத் திருப்பணி என்பதா என்று சிலர் கேட்டார்கள். மாரியம்மன் நோம்பிக்குத் தீர்த்தம் எடுத்த குட்டை இது. யோசித்துத்தான் அந்தப் பெயரை வைத்தோம்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 17.8.2024 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. பவானியின் உபரி நீர் 1,045 குளம் குட்டைகளுக்குப் போகிறது. அந்தப் பட்டியலில் நம் குட்டை இல்லை. வருசத்துக்கு 700 மில்லிமீட்டர் மழைகூட நிச்சயமில்லாத மேட்டாங்காடு நம்முடையது. ஆயிரம் அடி ஓட்டியும் போர்க்குழியில் புகை பறந்ததைப் பார்த்தவர்கள் நாம்.

சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்த பிறகுதான் உள்ளே இருந்தது தெரிந்தது. மூன்றடி ஆழத்துக்கு மாவுபோல வண்டல். கையில் பிசைந்தால் வழவழவென்று ஒட்டியது. குட்டையில் தண்ணீர் நின்ற வருசங்களில்கூடச் சுற்றுக் கிணறுகளில் ஊறாததற்கு அதுதான் காரணம். மெழுகியதுபோல் அடியை மூடியிருந்தது. சரளை தெரிந்ததும் நிறுத்தச் சொன்னோம். இன்னும் தோண்டலாம் என்று பலர் வற்புறுத்தினார்கள். வண்டல் எடுக்கத்தான் இறங்கினோம், குவாரி போட அல்ல.

அந்த வண்டல் நம் காடுகளிலிருந்து, அதாவது உழுகிற நிலங்களிலிருந்து, அடித்து வந்த மேல்மண். வட்டாட்சியர் அனுமதி வாங்கி, ஒரு லோடுகூட விற்காமல், காடுகளுக்கே திருப்பிக் கொட்டினோம்.

ஒரு வருத்தம் உண்டு. முதலில் வந்த ஜேசிபி கரையடியை ஒட்டித் தோண்டிவிட்டது. பங்குனியில் பெய்த ஒரே மழைக்குக் கரை சரிந்தது. அன்று குழுவில் யாரும் பக்கத்தில் நிற்காதது எங்கள் தவறு. மறுபடி மண் கொட்டி, அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டிக் கட்டினோம். கணக்கில் கூடுதலாகத் தெரியும் செலவு அதுதான்.

குட்டைக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வாரி, இருபுறமும் வேலியுள்ள வண்டித்தடமான இட்டேரியை ஒட்டி இறங்குகிறது. கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பிவேலி போட்ட இடங்களில் மண் அரித்து வாரி தூர்ந்துகிடந்தது. கிளுவை நின்ற இடத்தில் கரை அப்படியே இருந்தது. இப்போது அரித்த இடமெல்லாம் கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, ஊன்றியிருக்கிறோம். துளிர் பிடிக்கும்வரை வெள்ளாடுகளை அந்தப் பக்கம் ஓட்ட வேண்டாம்.

வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு கோயில் மண்டபத்தில் உள்ளது, யாரும் பார்க்கலாம். மேட்டுக்காட்டுக்காரர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் சரிவுக்குக் குறுக்கே உழுது, வரப்பை உயர்த்திவிடுங்கள். வரப்புப் போட ஆள் கிடைக்காதவர்கள் குழுவிடம் சொன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து போட்டுத் தருகிறோம்.

— குட்டைத் திருப்பணிக் குழு