பிளீடர் ரிப்பேர் கிட் பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: நிப்பிளின் அளவும் குறிப்புத்தாளில் உள்ள வழிமுறையும் தவறாக இருப்பது

ஐயா / அம்மா,

வணக்கம். என் பழைய காரின் பின் வீல் பிரேக் சிலிண்டரில், பிரேக் லைனில் சிக்கிய ஏரை வெளியேற்றத் திறக்கும் பிளீடர் நிப்பிள் துருப்பிடித்து, கழற்றும்போது பாதியில் முறிந்துவிட்டது. அந்த மாடலுக்குப் புது சிலிண்டர் கிடைப்பதில்லை. அதனால்தான் உங்கள் கிட்டை வாங்கினேன்.

முறிந்த துண்டைத் துளைத்து எடுத்து, மரை போட்டு, ஸ்லீவை (நிப்பிளைத் தாங்கும் சின்னக் குழலை) இறக்கி, நீங்கள் கொடுத்த நிப்பிளை மாட்டினேன். குறிப்புத்தாளில் சொன்னபடி மரையில் டெஃப்லான் டேப்பும் சுற்றினேன். ஏர் எடுத்து முடித்து பெடலை அழுத்திப் பிடித்தால், நிப்பிளைச் சுற்றி பிரேக் ஆயில் கசிகிறது. 'கசிந்தால் இன்னும் இறுக்கவும்' என்கிறது உங்கள் தாள். நடுவில் துளை உள்ள சின்ன நிப்பிள் அது. இறுக்கிக்கொண்டே போனால் மறுபடியும் முறியும். அதனால் கழற்றிப் பார்த்தேன்.

நிப்பிளின் கூம்பு முனையில் மார்க்கர் மை பூசி, திரும்ப மாட்டி இறுக்கிக் கழற்றினேன். மை கொஞ்சமும் அழியவில்லை. அதாவது முனை, உள்ளே அது அழுந்தி உட்கார வேண்டிய சீட்டைத் தொடவே இல்லை. அதற்கு முன்பே நிப்பிளின் தலை ஸ்லீவின் விளிம்பில் முட்டி நின்றுவிடுகிறது. அளந்து பார்த்தேன், நிப்பிள் 2 மி.மீ. குட்டை.

பிளீடரில் ஆயிலை அடைப்பது அந்தக் கூம்பும் சீட்டும்தான், மரை இல்லை. நிப்பிளைத் தளர்த்தி வாக்குவம் பம்ப்பால் ஏர் எடுக்கும்போது மரை வழியாகக் காற்று புகாமல் இருக்கச் சிலர் டேப் சுற்றுவார்கள். அது வேறு விஷயம். உங்கள் தாளோ டேப்பையே அடைப்பாகச் சொல்கிறது. டயரில் 2 பார் சொச்சம்தான் காற்று இருக்கும். அவசரத்துக்கு பிரேக்கை மிதித்தால் லைனில் 70 பாருக்கு மேல் போகலாம். அந்த அழுத்தத்தை ஒரு டேப் தாங்கும் என்று எப்படி எழுதினீர்கள்? இந்த வண்டியில் என் மகளும் போகிறாள். வீட்டிலேயே கசிவைப் பார்த்ததால் சரி, ரோட்டில் தெரிந்திருந்தால்?

இன்னொன்று, டிரில் பிட்டில் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் காலர் இல்லை. கை கொஞ்சம் தவறினால் சிலிண்டரே வீணாகும்.

எனக்குப் பணத்தைத் திருப்பித் தாருங்கள். ஆனால் அதைவிட முக்கியம், இந்தக் கிட்டின் விற்பனையை உடனே நிறுத்துவதும், ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்வதும். எத்தனை பேர் கூம்பைச் சோதிக்காமல் டேப்பை நம்பி ஓட்டிக்கொண்டிருக்கிறார்களோ! குறிப்புத்தாளையும் திருத்தி எழுதுங்கள்.

மை அழியாத அந்த நிப்பிளையும் ஸ்லீவோடு அளந்த படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன். பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்